உயிர்தான் முக்கியம், சரி. அப்புறம்?

மார்பகப் புற்றுக்காக அக்காவுக்கு இடது மார்பை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. குளியலறைக் கண்ணாடி மேல் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். காயப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து ஒருநாள் அதை எடுத்து மடித்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி அதே இடத்தில் தொங்குகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆபரேஷனுக்கு முன்னால், "முழுசா எடுத்தே ஆகணுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். "இந்த வயசுல அழகைப் பத்தி என்னம்மா கவலை? உயிர் முக்கியமில்லையா?" என்றார் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான். அக்கா அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

அன்று நான் தலையாட்டியது தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் வகுத்த முறையில் மார்பு, அதன் அடியில் உள்ள தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அதிகம் வெட்டினால் அதிகம் பிழைக்கலாம் என்று பல தலைமுறை டாக்டர்கள் நம்பினார்கள். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற இரண்டு சர்ஜன்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெரோனேசியின் ஆய்வில் 701 பெண்கள். எல்லோருக்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறை, மீதிப் பேருக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்து ரேடியேஷன். அவர்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்த முடிவு 2002இல் வந்தது: மார்பை வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு அதே மார்பில் புற்று திரும்ப வந்தது, அந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் வித்தியாசமே இல்லை. ஃபிஷரின் ஆய்வும் உயிர் விஷயத்தில் அதையேதான் சொன்னது.

அதாவது அக்கா கேட்டது அழகுக் கேள்வியே இல்லை. மருத்துவக் கேள்வி.

இன்றைக்கு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆன்கோபிளாஸ்டிக் என்கிறார்கள். கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் கொஞ்சம் சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சமுள்ள மார்புத் திசுவையே நகர்த்திக் குழியை நிரப்பித் தைக்கிறார்கள். தழும்பு காம்பைச் சுற்றிய கருவளைய ஓரத்திலோ மார்பின் அடி மடிப்பிலோ மறைந்துவிடும். தேவைப்பட்டால் மற்ற மார்பையும் அதே அளவுக்குச் சரிசெய்கிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு கத்தி வைக்கவும் வழி உண்டு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஒரே மார்பில் பல இடங்களில் கட்டி, ரேடியேஷன் கொடுக்க முடியாத உடல்நிலை என்றால் முழுதாக எடுக்க வேண்டி வரலாம். அப்போதும் வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ முதுகுத் தசையிலிருந்தோ சிலிக்கோன் வைத்தோ புது மார்பு அமைக்க முடியும். எதுவுமே வேண்டாம் என்று சமதளமாக விட்டுக்கொள்கிற பெண்களும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான். அவள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்குளை மறந்துவிடாதீர்கள். அக்காவுக்கு அங்கே முடிச்சுகளை மொத்தமாக எடுத்தார்கள். அதனால் இன்றும் மாலையானால் இடது கை வீங்கிவிடும், கைக்கடிகாரப் பட்டை எட்டாது. இப்போது பலருக்குச் சாயம் செலுத்தி, முதலில் சாயம் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றதைத் தொடுவதில்லை.

2022இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 23 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். தாமதமான குழந்தைப்பேறு, குறைந்த தாய்ப்பாலூட்டல், உடல் எடை, மது என்று காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதும் வயதும் தவிர வேறு காரணமே தெரிவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் இருபது, முப்பது வருடம் வாழப்போகிறவர்கள். அத்தனை வருடமும் அந்த உடம்போடுதான் குளிக்க வேண்டும், உடுத்த வேண்டும், துணையோடு படுக்க வேண்டும். "உயிர் இருக்கே, போதாதா?" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் என்னென்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரையும் பாருங்கள். நோய் உறுதியான பிறகு அதற்கு ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ள பெரும்பாலும் நேரம் இருக்கும்.

வருடங்கள் கழித்தும் மார்பை மறுபடி அமைக்கலாம் என்று போன மாதம்தான் அக்காவுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறாள், இதுவரை இரண்டு பக்கம்.