1969 பட்டம் எஞ்சினுக்கு மட்டும் சொந்தமில்லை: மாத்ராவின் பெட்ரோல் தொட்டியும் பன்னிரண்டு சிலிண்டரும்

1969 ஃபார்முலா ஒன் பட்டம் என்று பேச்செடுத்தாலே மூன்று பெயர்கள் வந்து விழும். ஓட்டியவர் ஜாக்கி ஸ்டூவர்ட், அணியை நடத்தியவர் கென் டிரெல், எஞ்சின் காஸ்வொர்த். மூன்றும் பிரிட்டன். சரி, அந்தக் காரைச் செய்தது யார் என்று கேட்டால் பலரும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் வெலிசியில், ஏவுகணைத் தொழிலில் இருந்த மாத்ரா நிறுவனத்தின் பந்தயப் பிரிவு செய்த கார் அது. பிரான்சில் கட்டிய கார் அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது அந்த ஒரே முறைதான். 2005, 2006இல் ரெனோ பெயரில் வென்ற கார்கள் இங்கிலாந்தின் என்ஸ்டோனில் உருவானவை. பிரான்சிலிருந்து போனது எஞ்சின்.

மாத்ரா என்றதும் எல்லோரும் அந்த வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினின் அலறலைத்தான் சொல்கிறார்கள். வீடியோக்களின் கீழே ஆயிரக்கணக்கில் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். சத்தம் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாத்ராவின் உண்மையான பலம் சேஸிஸ், அதாவது காரின் உடற்கூடு. அந்தப் பலத்தை விட்டுவிட்டு எஞ்சினைப் பிடித்துக்கொண்டதுதான் ஃபார்முலா ஒன்னில் அவர்கள் செய்த பெரிய தவறு. அதே எஞ்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்ததற்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

முதலில் சேஸிஸ். ஜான்-லுக் லகார்தேர் தலைமையில் மாத்ரா 1964இல் ரெனே பொன்னேவின் சிறிய கார் தொழிலை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஃபார்முலா 3 பந்தயத்தில் காரோடு களத்தில் நின்றது. 1965 ஜூலையில் ரேம்ஸ் பந்தயத்தை ஜான்-பியர் பெல்த்வாஸ் அதில் வென்றார். அந்தக் குளிர்காலத்தில் குட்வுட் தடத்தில் ஒரு மாத்ராவை ஓட்டிப் பார்த்த ஸ்டூவர்ட், பின்சக்கரப் பிடிப்பு அபாரம் என்றார். டிரெல் உடனே கைகோத்தார். 1967, 68, 69 என்று மூன்று ஆண்டும் ஐரோப்பிய ஃபார்முலா 2 பட்டம் மாத்ராவில் ஓட்டியவர்களுக்கே போனது: ஜாக்கி இக்ஸ், பெல்த்வாஸ், ஜானி செர்வோ-கவான். ஓட்டுநர் மாறினாலும் கார் ஜெயித்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் ஜெயித்தது? அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் காரில் ஓட்டுநரின் இரு பக்கமும் அலுமினியத் தகட்டில் செய்த நீளமான பெட்டிகள் இருக்கும். பெட்ரோல் நிரப்பிய ரப்பர் பைகள் அதற்குள் உட்காரும். பையை உள்ளே திணிக்க வேண்டும், பழுதானால் வெளியே எடுக்க வேண்டும். அதனால் பெட்டிக்குள் குறுக்குத் தடுப்புகளை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. வைத்தாலும் கை போகிற அளவுக்குத் துளை விட வேண்டும். துளை விட்ட பெட்டி முறுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும். மாத்ராவிடம் விமானத் தொழில்நுட்பம் இருந்தது. விமான இறக்கைக்குள் எரிபொருளை நேரடியாக ஊற்றுவதைப் போல, ரிவெட் அடித்த ஒவ்வொரு இணைப்பையும் சீலன்ட் பூசி அடைத்து, பெட்டியையே தொட்டியாக்கினார்கள். பை இல்லை என்றால் துளையும் வேண்டாம். மூங்கிலுக்குக் கணு போல நெருக்கமாகக் குறுக்குத் தடுப்புகளை வைக்க முடிந்தது. போட்டிக் கார்களைவிடச் சேஸிஸ் சுமார் 15 கிலோ இலகுவானது, அதோடு உறுதியும் கூடியது.

முறுக்க உறுதி ஏன் இவ்வளவு முக்கியம்? சேஸிஸ் முறுக்கிக்கொண்டால் அதுவே ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த ஸ்பிரிங்குக்கு அதிர்வை அடக்கும் டேம்பர் கிடையாது. வளைவில் கார் சாயாமல் தடுக்கும் முன்பக்கக் கம்பியை (ஆன்டி-ரோல் பார்) ஒரு படி இறுக்கினால் அதன் பலன் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மெக்கானிக் எதை மாற்றினாலும் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது. உறுதியான சேஸிஸில் சின்ன மாற்றமும் டயரில் தெரியும். ஸ்டூவர்ட் மாதிரி நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த ஓட்டுநருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1969க்கு பெர்னார் புவாயே வடிவமைத்த எம்எஸ்80 இன்னும் ஒரு படி மேலே போனது. பக்கவாட்டில் கோக் பாட்டில் மாதிரி நடுவில் உப்பியிருக்கும். அது அழகுக்காக அல்ல. பெட்ரோலை முடிந்தவரை காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்ததன் விளைவு. பந்தயத்தின் தொடக்கத்தில் நூறு கிலோவைத் தாண்டும் பெட்ரோல், முடிவில் ஏறக்குறைய காலி. அந்த எடை காரின் மையத்தில் இருந்தால், தீரத் தீரக் காரின் முன்-பின் சமநிலை அதிகம் மாறாது. வளைவில் கார் சட்டென்று திரும்பும்.

இந்த முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சீலன்ட் ஓரிடத்தில் விட்டாலும் கசிவுதான். தொட்டியைக் காலி செய்து, ஆவி போகக் காய வைத்து, பழைய பூச்சைச் சுரண்டி, மறுபடி அடைக்க வேண்டும். பையை மாற்றுகிற மாதிரி வேலை முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து மோதல். ரப்பர் பை நசுங்கினாலும் கொஞ்சம் தாங்கும். இங்கே தகடு கிழிந்தால் பெட்ரோல் நேராக வெளியேதான். 1970இலிருந்து பை கட்டாயம் என்று விதி வந்தது. மாத்ராவுக்கு அது இழப்பு, ஆனாலும் விதி சரி. ஆட்கள் எரிந்து செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக எம்எஸ்80 ஒரே ஒரு சீசன் கார்.

அந்த ஒரு சீசனில் என்ன செய்தது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவை ஸ்டூவர்ட் பழைய எம்எஸ்10இல் வென்றார். அதன் பிறகு ஸ்பெயின், ஹாலந்து, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி ஐந்தும் எம்எஸ்80. கிளெர்மோன்-ஃபெரானில் நடந்த பிரெஞ்சு பந்தயத்தில் முதலிடம் ஸ்டூவர்ட், இரண்டாமிடம் பெல்த்வாஸ். சில்வர்ஸ்டோன் பயிற்சியில் ஸ்டூவர்ட் காரை மோதிவிட, பெல்த்வாஸின் எம்எஸ்80ஐ வாங்கி ஓட்டி ஜெயித்தார். பாவம் பெல்த்வாஸ், நான்கு சக்கர இயக்கம் கொண்ட எம்எஸ்84இல் ஏறி ஒன்பதாவதாக வந்தார்.

இத்தாலியின் மோன்சா வெற்றியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பட்டம் உறுதியான பந்தயம். ஸ்டூவர்ட், ரின்ட், பெல்த்வாஸ், மெக்லாரன் நால்வரும் 0.19 நொடிக்குள் கோட்டைக் கடந்தார்கள். ஸ்டூவர்ட்டுக்கும் ரின்டுக்கும் இடையே 0.08 நொடி. இதில் முக்கால்வாசி வேலை பந்தயத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கூட்டமாகப் போகிற மோன்சாவில் கடைசிச் சுற்று, கடைசி வளைவிலிருந்து கோடு வரையிலான ஓட்டம்தான் தீர்மானிக்கும் என்று கணித்தார்கள். அதற்கேற்ப நான்காவது கியரை நீளமாகப் போட்டார்கள். கடைசி வளைவான பரபோலிகாவிலிருந்து வெளியே வந்தால் ஐந்தாவதுக்கு மாற்றாமலே கோடு வரை போய்விடலாம். கியர் மாற்றும்போது ஒரு கணம் இழுவிசை அறுபடும். நான்கு கார் மூக்கோடு மூக்கு உரசும்போது அந்த ஒரு கணம்தான் எல்லாம்.

“டிரெலும் ஸ்டூவர்ட்டும் எந்தச் சேஸிஸிலும் ஜெயித்திருப்பார்கள்” என்று வாதிடுகிறவர்கள் 1970ஐப் பார்க்கட்டும். அதே ஸ்டூவர்ட், அதே டிரெல், அதே காஸ்வொர்த் எஞ்சின், அதே டன்லப் டயர். சேஸிஸ் மட்டும் மாறியது: மார்ச் 701. முந்தின ஆண்டு ஆறு வெற்றி, 63 புள்ளி. இந்த ஆண்டு ஸ்பெயினில் ஒரே வெற்றி, 25 புள்ளி. புதிய லோட்டஸ் 72 கார் வந்துவிட்டது, போட்டி கூடிவிட்டது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் இந்தச் சரிவில் பெரும்பங்கு சேஸிஸுக்குத்தான். அதே ஆண்டு ரகசியமாகச் சொந்தக் கார் கட்டத் தொடங்கிய டிரெல் அழைத்தது டெரெக் கார்ட்னரை. எம்எஸ்84இன் நான்கு சக்கர இயக்கத்துக்காக ஃபெர்குசன் நிறுவனத்தின் தரப்பிலிருந்து மாத்ராவோடு வேலை செய்தவர் அவர். டிரெல் 001இன் உப்பிய இடுப்பைப் பார்த்தாலே எம்எஸ்80 ஞாபகம் வரும்.

சரி, ஜெயிக்கிற சேர்க்கையை மாத்ரா ஏன் உடைத்தது? வியாபாரமும் கௌரவமும் சேர்ந்து. 1967இல் பிரெஞ்சு அரசு 60 லட்சம் பிராங்க் கடன் கொடுத்தது, பிரெஞ்சு எஞ்சின் செய்யத்தான். புதிதாக வந்த எல்ஃப் எண்ணெய் நிறுவனமும் பின்னால் நின்றது. 1969இல் மாத்ரா சிம்காவோடு ஒப்பந்தம் போட்டது; சிம்கா அமெரிக்க கிரைஸ்லரின் கையில் இருந்தது. காஸ்வொர்த் எஞ்சினின் தலையிலோ ஃபோர்டு பெயர். கிரைஸ்லர் வீட்டுக்குள் ஃபோர்டு எப்படி வரும்? வி12ஐப் போட்டு ஓட்டுங்கள் என்றார்கள். ஸ்டூவர்ட் ஓட்டிப் பார்த்தார், டிரெல் வேண்டாம் என்றார். கதை முடிந்தது.

ஜார்ஜ் மார்த்தான் வடிவமைத்த அந்த வி12 மோசமான எஞ்சின் இல்லை. 60 டிகிரி கோணம், சிலிண்டருக்கு நான்கு வால்வு, 79.7 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 2993 சி.சி. காஸ்வொர்த்தும் அதே 2993 சி.சி.தான், ஆனால் எட்டே சிலிண்டர், 85.67க்கு 64.90. சிலிண்டர் கூடினால் பிஸ்டன் சிறிதாகும், ஸ்ட்ரோக் குறையும், சுழற்சியைக் கூட்டலாம். அதுவரை லாபம். ஆனால் பன்னிரண்டு செட் பிஸ்டன் ரிங் சுவரில் உரசுகிறது, கூடுதல் பேரிங் சுழல்கிறது, சிலிண்டர் சுவர் வழியாக அதிக வெப்பம் வெளியேறுகிறது. அந்த இழப்பையெல்லாம் பெட்ரோலும் ரேடியேட்டரும்தான் ஈடுகட்ட வேண்டும். பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புகிற வழக்கம் அப்போது ஃபார்முலா ஒன்னில் இல்லை. குடிக்கிற எஞ்சினுக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் பெட்ரோல் ஏற்ற வேண்டும், பெரிய தொட்டி வேண்டும், எஞ்சினும் நீளம் என்பதால் காரும் நீளும். காஸ்வொர்த்தின் குதிரைத்திறனை மட்டும் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த எஞ்சின் தானே காரின் பின்பாதியாக நின்று சஸ்பென்ஷனைச் சுமந்தது. ஒன்றின் விலை 7,500 பவுண்டு, பணம் கட்டினால் கிடைக்கும். அதன் எதிரே தனியாக ஒரு எஞ்சினை வளர்த்தெடுப்பது சாதாரணமில்லை.

1968இல் ஹாலந்தின் ஜான்ட்வூர்ட்டில் நடந்த பந்தயமே இதற்குச் சாட்சி. மழையில் முதலில் வந்தது காஸ்வொர்த் பூட்டிய எம்எஸ்10இல் ஸ்டூவர்ட், இரண்டாவது வி12 பூட்டிய எம்எஸ்11இல் பெல்த்வாஸ். மழையில் பிடிப்பு குறைந்து எல்லோரும் மெதுவாகப் போனால் எஞ்சின் குறை மறைந்துவிடும். உலர்ந்த தடத்தில் அது மறையாது.

1970இல் வந்த எம்எஸ்120க்கு நல்ல நாள்கள் இருந்தன. அந்த ஆண்டே மூன்றாமிடம் மூன்று முறை. 1972இல் ஷராத் தடத்தில் கிறிஸ் ஏமன் முதலிடத்திலிருந்து கிளம்பி முன்னணியில் ஓட, சாலையோரக் கல் டயரைக் கிழித்தது. டயர் மாற்றி, வேகச் சாதனையோடு துரத்தி மூன்றாவது வந்தார். அவரது ஹெல்மெட்டின் கண்ணாடி மறைப்பு முழுவதும் பிய்த்துக்கொண்டு போன 1971 மோன்சாவையும் சேர்த்துக்கொண்டு, அதிர்ஷ்டக் கட்டை என்று அவரை எல்லோரும் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் மட்டும் காரணமில்லை. எப்போதாவதுதான் முன்னால் இருக்க முடிகிற காருக்கு, அந்த எப்போதாவதில் ஒரு கல் பட்டால் ஆண்டு போச்சு.

லே மான் வேறு கணக்கு. அங்கே எப்படியும் பெட்ரோலுக்கு நின்றுதான் ஆக வேண்டும், ஆகவே தொடக்க எடை பெரிய தண்டனையல்ல. நீண்ட நேர்கோடுகளில் உச்ச சக்தி பயன்படும். சுழற்சி வரம்பைக் குறைத்தால் சிறிய பிஸ்டனும் குறுகிய ஸ்ட்ரோக்கும் நீண்ட ஆயுளாக மாறும். இதுவும் சும்மா வரவில்லை. 1970இல் மாத்ராவின் மூன்று கார்களும் எஞ்சின் கோளாறில் வெளியேறின. அதன் பிறகு பந்தயம் போலவே நீண்ட நேரச் சோதனைகளை ஓட்டி, உடைவதையெல்லாம் முன்கூட்டியே உடைத்துப் பார்த்தார்கள். 1972இல் விதியும் 3 லிட்டராகி, பெரிய எஞ்சின் போர்ஷேக்கள் ஒதுங்கின. ஃபெராரி வரவில்லை. ஆன்றி பெஸ்கரோலோவும் கிரஹாம் ஹில்லும் எம்எஸ்670இல் வென்றார்கள், 1950க்குப் பிறகு பிரெஞ்சுக் காருக்கு முதல் லே மான். ஃபெராரி இல்லாத வெற்றி என்று குறைத்துப் பேசுவோருக்கு 1973 பதில்: ஃபெராரி முழுப் படையோடு வந்தது, பெஸ்கரோலோவும் ஜெரார் லாரூஸும் ஜெயித்தார்கள், ஆண்டுப் பட்டமும் மாத்ராவுக்கே. 1974இல் அதே ஜோடி மறுபடி. அந்த முறை கியர்பாக்ஸ் பழுதாகி நீண்ட நேரம் பிட்டில் நிற்க வேண்டியிருந்தது. கியர்பாக்ஸ் செய்தது போர்ஷே, துரத்திக்கொண்டிருந்த காரும் போர்ஷே. அப்படியும் சேர்த்து வைத்திருந்த சுற்றுகள் காப்பாற்றின. அந்த சீசனில் ஒன்பது வெற்றி. லகார்தேர் அத்தோடு பந்தயப் பிரிவை மூடினார்.

எஞ்சின் மட்டும் லிஜியே என்ற பிரெஞ்சு அணியிடம் போனது. ரூவானில் 1968இல் எரிந்து இறந்த நண்பர் ஜோ ஷ்லெஸ்ஸரின் பெயரெழுத்துகளைத் தன் கார்களுக்கெல்லாம் வைத்தவர் கி லிஜியே. மாத்ராவின் பொறியாளர் ஜெரார் டுகரூஜும் அங்கே போனார். 1977இல் ஸ்வீடனில், கடைசிச் சுற்றுகளில் முன்னால் ஓடிய ஆண்ட்ரெட்டிக்குப் பெட்ரோல் தீர, ஜாக் லஃபித் ஜெஎஸ்7இல் வென்றார். பிறகு 1981இல் ஆஸ்திரியா, கனடா. மாத்ரா வி12இன் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் வெற்றிகள் இந்த மூன்றுதான். மூன்றும் லஃபித், மூன்றும் லிஜியே கார்; மாத்ரா சொந்தமாகக் கட்டிய காரில் ஒன்றுகூட இல்லை. இடையில் 1979இல் லிஜியே காஸ்வொர்த்துக்கு மாறி ஜெஎஸ்11 கட்டிய ஆண்டில் மட்டும் மூன்று வெற்றி வந்தது. 1981இல் லஃபித் கடைசிப் பந்தயம் வரை பட்டப் போட்டியில் இருந்து 44 புள்ளியோடு நான்காவது. பட்டம் வென்ற பிக்கேவுக்கு 50. அதற்குள் டர்போ எஞ்சின்கள் வந்துவிட்டன, 1982க்குப் பிறகு வி12க்கு ஃபார்முலா ஒன்னில் இடமில்லை.