தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்

மூன்று வாரமாக ஒரு கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ‘புறப்பாடல்களில் போரும் தாயும்’ என்பது தலைப்பு. முதல் வரைவை ஐயாவிடம் கொடுத்தேன். எல்லாப் பக்கங்களையும் நிதானமாகப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் தந்தார்: “இதில் நீ எங்கே நிற்கிறாய்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆய்வுக் கட்டுரையில் ‘நான்’ வரக்கூடாது என்று முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்புறம் இரவு உட்கார்ந்து என் வரைவை நானே படித்தேன். ‘வீரத்தாய்’ என்ற சொல் பத்தொன்பது இடங்களில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிய அதே விடையைத்தான் அடிக்குறிப்பு போட்டு நீட்டி வைத்திருந்தேன்.

சரி, பாடல்களுக்கே திரும்பினேன். உரையைத் தள்ளிவைத்துவிட்டு மூலத்தை மட்டும் சத்தமாகப் படித்தேன்.

புறநானூறு 279, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. கதை எல்லோருக்கும் தெரியும். முன்பு நடந்த போரில் இவளுடைய ‘தன்னை’ யானையை எறிந்து களத்தில் விழுந்தான் (தன்னை என்பதற்குத் தந்தை என்றும் தமையன் என்றும் பொருள் சொல்கிறார்கள்). நேற்று நடந்த போரில் கணவன் போனான். இன்றும் பறை கேட்கிறது. இருக்கும் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, போருக்குப் போ என்று அனுப்புகிறாள். விடைத்தாளில் இதற்கு மேல் ஒரு வரிதான் எழுதுவோம்: என்னே அவளது வீரம்!

ஆனால் பாட்டு தொடங்குவது ‘கெடுக சிந்தை’ என்று. கெட்டொழியட்டும் மனம். இது தாய் சொல்வதல்ல. பக்கத்தில் நின்று பார்க்கும் யாரோ ஒருவர் சொல்வது. அவர் பெயர் இல்லை, முகமும் இல்லை. ஒரு பெண் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதைப் பார்க்கிறார், பதறுகிறார், ‘கடிது இவள் துணிவே’ என்கிறார். பாராட்டா, பயமா, இரண்டும் கலந்ததா? இத்தனை வருடம் அந்த ஆளை நான் கவனித்ததே இல்லை.

இன்னொரு சொல்லையும் தாண்டிப் போயிருக்கிறேன். பறையைக் கேட்டதும் அவள் ‘விருப்புற்று மயங்கி’ என்கிறது பாட்டு. விருப்புற்று என்பதை எல்லோரும் எழுதுகிறோம். மயங்கி? போர் மீதுள்ள விருப்பத்தால் மயங்கினாள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், எளிது. ஒரு பக்கம் விருப்பம், இன்னொரு பக்கம் தடுமாற்றம் என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால், தந்தையோ தமையனோ, பிறகு கணவனும் போன வீட்டில் பறைச்சத்தம் கேட்டதும் மனம் கலங்கி, கை மட்டும் பழக்கத்தில் வேலை எடுத்து நீட்டுகிற ஒருத்தி தெரிகிறாள். புறநானூற்றுக்குக் கிடைத்திருக்கும் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதனால் 279இல் பழைய உரைகாரர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகப் போவதில்லை. பயமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஒரு ஆளைப் பார்த்துவிட்டதால் மற்ற பாடல்களிலும் தேடினேன். 278இல், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில், அந்தக் கிழவிக்கு வாளை எடுக்கும் எண்ணம் தானாக வரவில்லை. ‘உன் மகன் புறமுதுகிட்டான்’ என்று பலர் கூற, அப்புறம்தான் அது உண்மையானால் அவனுக்குப் பால் தந்த முலையை அறுத்தெறிவேன் என்று அவள் கொதிக்கிறாள். ‘பலர் கூற’ என்றே பாட்டில் இருக்கிறது. யார் இந்தப் பலர்? களத்துக்குப் போகாமல், வீட்டுக்கு வந்து சேதி மட்டும் சொன்னவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அவள் பிணங்களைப் புரட்டிக்கொண்டே போகிறாள். அவள் புரட்டிய ஒவ்வொரு பிணமும் வேறொருத்தி பெற்றது என்பதும் எனக்கு இப்போதுதான் உறைத்தது. கடைசியில் துண்டுதுண்டாகக் கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாளாம். அந்த மகிழ்ச்சியை மெச்சி எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அடுத்து 86, காவற்பெண்டு என்ற பெண்புலவர் பாடியது. ‘என் சிறிய வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாய்’ என்று தொடங்குகிறது. எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, புலி இருந்துவிட்டுப் போன கற்குகைதான் இந்த வயிறு, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். குகை உவமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். எனக்கு இப்போது கண்ணில் நிற்பது அந்தத் தூணும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான். சும்மா வந்து, சாய்ந்து நின்று, ‘பையன் எங்கே?’ என்று கேட்டவள்.

அது நான்தான். ஐயாவின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் போரைப் பற்றி ஒரு கவிதை எழுதிப் பரிசு வாங்கினேன். குருதி ஆறாக ஓடியது, தலைகள் பந்துகளாக உருண்டன, கடைசி வரியில் ஒரு வெள்ளைப் புறா. (புறா இல்லாமல் பரிசு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.) வெடிச்சத்தத்தை வாழ்நாளில் பட்டாசாக மட்டுமே கேட்டவன் நான். அந்தக் கவிதையில் ஒருத்தர்கூட எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

உள்ளேயிருந்து எழுதியவர்கள் தூணைப் பிடித்து நிற்பவர்களை மறப்பதில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்தவர். நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் சாகும் ஒருவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதை, வீட்டிலிருந்துகொண்டு இளைஞர்களைப் போருக்கு வா என்று அழைத்துப் பாட்டெழுதிய ஜெசி போப் என்பவரை நோக்கியே முதலில் எழுதப்பட்டது. கையெழுத்துப் படியில் அவர் பெயர் இருக்கிறது. ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, 25 வயதில் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் போர் முடிந்தது. சாவுச் சேதி சொல்லும் தந்தி, போர் நின்ற நவம்பர் 11 அன்றுதான் அவருடைய தாய்க்குக் கிடைத்தது. இதைப் படித்த அன்று வேறெதையும் படிக்க முடியவில்லை. 1936இல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் ஒரு பெரிய கவிதைத் தொகுப்பைத் தொகுத்தபோது, வெறும் துன்பப்படுதல் கவிதைக்குப் பொருளாகாது என்று ஓவனை விட்டுவிட்டார். யேட்ஸ் எனக்குப் பிடித்த கவிஞர், ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கும் என் பழைய விடைத்தாளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வெளியே நிற்பவன் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கோவூர் கிழாரும் பக்கத்தில் நின்றவர்தான். கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இட ஆயத்தமானபோது அவர் பாடியது 46ஆம் பாட்டு. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட பிள்ளைகள், கூடியிருக்கும் புதுமுகங்களைப் பார்த்து மிரளுகிறார்கள் என்கிறார். அவ்வளவுதான். அறிவுரையை நீட்டவில்லை. ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’, கேட்டாய் அல்லவா, உனக்குப் பிடித்ததைச் செய் என்று நிறுத்திவிடுகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு.

ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அப்படி ஓர் அடிக்குறிப்பு அமைவதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார், புத்தகங்களால் அவர் உடலை மூடி எரிக்கிறார்கள், பௌத்த நூலான தம்மபதமும் சாம்பலாகிறது. கவிதையால் ஒரு புத்தகமும் திரும்பி வரவில்லை. ஆனால் எரித்தவர்கள் எதை எரித்தார்கள் என்பதை அவர்களுடைய புத்தரையே வைத்துச் சொல்லிவிட்டது. இதில் எங்கும் குருதி ஆறாக ஓடவில்லை என்பதையும் என் பதினொன்றாம் வகுப்புக் கவிஞனுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இதை எழுதும் நேரத்திலும் கைப்பேசியில் ஏதோ ஓர் ஊர் இடிந்துகொண்டிருக்கிறது. கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறேன். ‘பலர் கூற’ என்பதில் நான் எத்தனை முறை அந்தப் பலரில் ஒருவனாக இருந்திருக்கிறேன், எத்தனை சேதிகளைச் சரிபார்க்காமல் பகிர்ந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கட்டுரையில் ‘வீரத்தாய்’ இப்போது இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, இரண்டும் மேற்கோள் குறிக்குள். ‘மயங்கி’க்கு மட்டும் நான்கு பக்கம் போயிருக்கிறது, இன்னும் பிடி கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள், யாரிடமாவது வேறு உரை இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.