ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம்

கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் பி.எட். மாணவ ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு உணர் உறுப்புகள் பாடத்தை நடத்தியபோது, நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று வண்ணம் பிரித்த படமொன்றைத் திரையில் காட்டினார். ஸ்லைடுகள் கண்ணைப் பறித்தன. மறுநாள் ஒரு மாணவி, "சர்க்கரையைப் பின்நாக்கில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் இனிக்குதே மிஸ்" என்றாள். அவரிடம் பதில் இல்லை.

1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட ஆய்வில், நாக்கின் பகுதிகளுக்கிடையே சுவை உணர்வில் இருந்த மிகச் சிறிய வேறுபாட்டைப் பின்வந்தவர்கள் பெரிதாக்கிப் புரிந்துகொண்டதால் பிறந்த பிழை அது. இன்றும் இணையத்தில் தேடினால் அந்தப் படம் வந்து நிற்கிறது.

அந்த மாணவ ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கியதோடு, தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து புரிந்துகொள்வதற்கென்றே ஒரு தாளையும் வைத்தன. நான் பார்த்தவரை, அந்த 'ஆராய்ந்து' என்ற சொல் பவர்பாயிண்ட் செய்யப் பழகுவதோடு கரைந்துவிடுகிறது. நாங்கள் படித்த காலத்தில் சீனியரின் பாடக்குறிப்பு ரெக்கார்டை வாங்கி இரவெல்லாம் பார்த்து எழுதினோம். இன்று பாடக்குறிப்பைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருகிறது. கை வலி மட்டும்தான் குறைந்திருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர்கள் வைன்பர்க்கும் மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட ஓர் இணையதளத்தின் தோற்றத்தை நம்பி ஏமாந்தபோது, செய்தி சரிபார்ப்பவர்கள் உடனே அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இது கணினித் திறன் அன்று, "எனக்கு இது உண்மையிலேயே தெரியுமா?" என்று தன்னையே நிறுத்திக் கேட்கும் பழக்கம். தன் கற்றலைத் தானே நெறிப்படுத்தும் தற்சார்புக் கற்றலைத் திட்டமிடல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று கல்வி உளவியலாளர் ஜிம்மர்மன் வகுத்ததை மாணவ ஆசிரியர்கள் உளவியல் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். தங்கள் படிப்பில் செய்து பார்க்க யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

இந்த ஆண்டு வந்தவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு, எதை எங்கே சரிபார்த்தீர்கள் என்றும், வகுப்பு முடிந்ததும் எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்றும் நான்கு வரி எழுதித் தரவேண்டும். ரெக்கார்டில் அதற்கென்று கட்டம் இல்லை என்றார்கள். பின்பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.