கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கணினிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பழைய அலுவலகக் கணினியில் பவர் சப்ளையை (மின்சாரம் வழங்கும் பகுதியை) மாற்றிவிட்டால் எந்த கிராபிக்ஸ் கார்டையும் (திரைக்காட்சிகளை உருவாக்கும் அட்டையையும்) பொருத்தலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் கூறியிருப்பது, பெரிய டவர் பெட்டிகளுக்கு ஓரளவு பொருந்தினாலும், ஒடுக்கமான சிறு பெட்டிகளுக்குப் பொருந்தாது. இவற்றில் பலவற்றின் பவர் சப்ளை, அளவிலும் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) செருகும் இணைப்பிலும், அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், கடையில் கிடைக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் (பல கணினிகளுக்குப் பொருந்தும் தர அளவு) வகையை நேரடியாகப் பொருத்த இயலாது. எனவே, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்) தரும் அதிகபட்ச 75 வாட்டுக்குள் இயங்கும், உயரம் குறைந்த கார்டுகளே நடைமுறைக்கு ஏற்றவை. என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஆகியவற்றின் குட்டை வடிவங்கள் இவ்வகையின. ஆனால் சில பழைய மாடல்களில் அந்த ஸ்லாட்டே 75 வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும் என்பதால், கார்டு வாங்குவதற்கு முன் கணினியின் சேவைக் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது (நான் பார்க்காமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவன்).

ரேம் பற்றியும் ஒரு சொல். அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் ஒற்றை ரேமுடன் வருகின்றன. அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலில் (இரண்டு ரேம்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையில்) இயக்கினால், குறிப்பாக பிராசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பி விளையாடுவோருக்கு, வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.