அக்கா சும்மா இருந்தாளா?

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை மூன்று வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டாள். அவளைப் பற்றி யாராவது விசாரித்தால், "வேலையை விட்டுட்டா, வீட்ல சும்மாதான் இருக்கா" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். மாதாமாதம் பணம் அனுப்பியதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைப்பு வேறு.

ஒருமுறை அவளால் முடியாமல் போய், பத்து நாள் நான் பார்க்க வேண்டி வந்தது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நடுராத்திரியிலும். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். அப்புறம் டயப்பர், மாத்திரை, துவைக்கிற துணி. நாலாவது நாளே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியாள் வைக்கலாமா என்று விசாரித்தால், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு பேரும் வந்திருந்தால் அவர்கள் சம்பளம் நாட்டின் மொத்த உற்பத்தியைச் சொல்லும் ஜிடிபி கணக்கில் ஏறியிருக்கும். அக்கா செய்ததால் ஏறவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு கணக்குப் போட்டது. 64 நாடுகளில் மட்டும், வீட்டு வேலையும் சேர்த்து, சம்பளமில்லாப் பராமரிப்புக்கு ஒரு நாளில் போவது 1,640 கோடி மணி நேரம். 200 கோடி பேர் கூலியே வாங்காமல் தினம் எட்டு மணி நேரம் உழைப்பதற்குச் சமம். நாலில் மூன்று பங்கு பெண்கள் செய்வது. ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீடு, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் ஓய்வூதியக் கணக்கிலும் பணம் கட்டுகிறது. நாம் அக்காக்களுக்குக் கொடுப்பது 'தெய்வம்' என்ற பட்டம். செலவில்லாத பட்டம்.

உடம்பு தரும் விலை தனி. 1999இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொண்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அந்தப் பொறுப்பில் மனம் நொந்துபோனவர்களுக்கு, அப்படிப் பொறுப்பு எதுவும் இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம். ஆனால் அதே வேலையைச் செய்தும் அப்படி நொந்துபோகாதவர்களிடம் இந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. எனக்கு இதுதான் உறைத்தது. பார்த்துக்கொள்வதே ஆளைக் கொல்வதில்லை; மாற்றிவிட ஆளில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் கொல்கிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு மறதி நோய். வெள்ளி ராத்திரியிலிருந்து திங்கள் காலை வரை அவர் என் பொறுப்பு. முதல் வாரம் முடிந்ததும், "ரெண்டு நாளும் என்னக்கா பண்ணே?" என்று கேட்டேன்.

"தூங்கினேன்டா" என்றாள்.