வாத்துக்குக் காது எங்கே?

"மாமா, இவருக்குக் காது எங்க இருக்கு?"

என் அக்கா மகள் கேட்ட கேள்வி. எட்டு வயது. மடியில் விரித்து வைத்திருந்த பக்கத்தில், டிஸ்னியின் வாத்துக் காமிக்ஸில் வரும் பணக்கார வாத்து அங்கிள் ஸ்க்ரூஜ் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். ரிசீவரைத் தலையின் பக்கவாட்டில், நமக்குக் காது இருக்கிற அதே இடத்தில், அழுத்திப் பிடித்திருக்கிறார். அங்கே வெள்ளை இறகும் கன்னத்துக் கிருதாவும் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் கதைகளைப் படிக்கிறேன். அந்த மாதிரிக் கட்டங்களை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

அப்புறம் இருவருமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடினோம். கண்ணாடி விஷயத்தைப் பிடித்ததும் அவள்தான். ஸ்க்ரூஜின் கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பியே கிடையாது. மூக்கைக் கிள்ளிக்கொண்டு நிற்கிற பழைய காலத்துக் கண்ணாடி அது. அலகின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காதில்லாத மனிதர் வேறு எதைத்தான் போட முடியும்? பணக்காரக் கிழவர் என்று காட்ட ஓவியர் எடுத்த முடிவு உடம்புக்கும் சரியாகப் பொருந்தி நிற்கிறது. அன்று முழுக்க எனக்கு அந்த மகிழ்ச்சி போகவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. வாத்துக் காமிக்ஸ் ரசிகர்களுக்குள் உடற்கூறு விவாதம் எப்போது வந்தாலும் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. "கார்ட்டூன்தானேப்பா, சும்மா படிச்சிட்டுப் போ" என்பார்கள் ஒரு சாரார். மற்றவர்கள் ஒரே ஒரு சட்டத்தைப் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கப் பார்ப்பார்கள். இவர்கள் வாத்து முகம் வைத்த மனிதர்கள், அவ்வளவுதான். இல்லை இல்லை, சட்டை போட்ட வாத்துகள், அவ்வளவுதான். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நல்ல வாத்துக் கதைகளில் உடம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்துதான் சிரிப்பே பிறக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.

நான் சொல்வது முக்கியமாக கார்ல் பார்க்ஸ் வரைந்த கதைகளைப் பற்றி. 1901-இல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர், 2000-இல் இறந்தார். 1935 முதல் 1942 வரை டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டுத் தெற்குக் கலிபோர்னியாவில் கோழிப் பண்ணை வைக்கப் போனார். கூடவே காமிக்ஸ் வேலையும் தேடிக்கொண்டு, 1966 வரை அதிலேயே நிலைத்துவிட்டார். இந்த வாத்துகள் வாழும் டக்பர்க் நகரமும் ஸ்க்ரூஜும் அவர் படைப்பு. கதைகளில் அவர் பெயர் போட மாட்டார்கள். வாசகர்கள் ஓவியக் கோடுகளை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்தார்கள். அவருக்குச் சின்ன வயதிலேயே காது மந்தம். ஸ்க்ரூஜின் மருமகன் டொனால்டு வாத்துக்குக் காதில்லாதது ஸ்டூடியோ காலத்து அமைப்பு, பார்க்ஸ் முடிவு செய்ததல்ல. ஆனாலும் இது தெரிந்த பிறகு அந்த ரிசீவர் கட்டத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

சரி, கணக்கு என்றேனே, அதற்கு வருகிறேன்.

1934-இல் திரையில் முதன்முதலாக வந்த டொனால்டைப் பாருங்கள். நீளக் கழுத்து, நீண்டு ஒடுங்கிய அலகு, நுனியில் இறகு இறகாகப் பிரியும் கை. பண்ணை வாத்துக்கு மாலுமிச் சட்டை மாட்டிய மாதிரி இருக்கும். போகப் போகக் கழுத்து குறைந்தது, அலகு சுருங்கியது, இறகு நுனி நான்கு விரலானது. பார்க்ஸ் கையில் அது பேனா பிடிக்கும், ஸ்டியரிங் திருப்பும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் கையாகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பறவை கொஞ்சம் பின்னால் போய் மனிதன் முன்னால் வருகிறான். ஆனால் பறவை முழுசாகப் போய்விடவில்லை. பின்னால் வால் இறகு இருக்கிறது, சவ்வுக் கால் இருக்கிறது. அந்தச் சவ்வுக் காலின் மேல் கணுக்காலுறை மாட்டிக்கொண்டு கோடீஸ்வரராக நடக்கிறார் ஸ்க்ரூஜ்.

இந்தப் பறவை எப்போது வெளியே வருகிறது என்று பார்த்தீர்களானால் விஷயம் பிடிபடும். டொனால்டு நிதானமாக இருக்கும்வரை சாதாரணக் குடும்பஸ்தன். வேலை தேடுவார், வாடகை பாக்கிக்குப் பயப்படுவார், தான் வளர்க்கும் மூன்று மருமகப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வார். தலையில் இடி விழுந்ததும் வசனக் குமிழில் பெரிய எழுத்தில் 'வாக்!' அதே நொடியில் தொப்பி மேலே எகிறும், வால் இறகு விறைத்துக்கொள்ளும், நாலு இறகு பிய்ந்து காற்றில் பறக்கும். மனிதன் தன்னை மறக்கிற கணத்தில் வாத்து எட்டிப் பார்க்கிறது. கோபத்திலோ பயத்திலோ நமக்கும் நாம் நினைத்துப் பேசாத ஒரு சத்தம் வாயிலிருந்து வரும் இல்லையா, அதை வரைய பார்க்ஸுக்கு வாத்து தேவைப்பட்டது. அதனால்தான் பறவைத்தனத்தை அவர் இறைத்துவிடவில்லை. நான் படித்தவரை, அவருடைய கடல் சாகசங்களில் இவர்கள் கப்பலில் போவார்கள், முக்குளிக்கும் உடை போடுவார்கள், முழுகிவிடுவோமோ என்று அலறுவார்கள். விமானம் பழுதானால் மனிதனைப் போலவே கீழே விழுவார்கள். 'நீங்க வாத்துதானே, நீந்த வேண்டியதுதானே' என்று யாரும் கேட்பதில்லை.

கால்சட்டை விவகாரத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பேச அவ்வளவு இல்லை. பின்லாந்தில் டொனால்டு கால்சட்டை போடாததால் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. அப்படி ஒரு தடை நடக்கவே இல்லை. ஹெல்சிங்கி நகர நிர்வாகத்தில் 1977-இல் பணத் தட்டுப்பாடு. இளைஞர் மையங்களுக்கு வாங்கிய டொனால்டு இதழின் சந்தாவை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்புறம் வந்த தேர்தலில் அந்த யோசனை சொன்னவரை 'டொனால்டைத் தடை செய்தவர்' ஆக்கிவிட்டார்கள். அப்புறம் பேச்சுக்குக் கை கால் முளைத்து, கால்சட்டையும் சேர்ந்துகொண்டது. டொனால்டை 'ஆக்கு ஆங்க்கா' என்று சொந்தப் பெயர் வைத்து வாரா வாரம் படிக்கிற நாட்டைப் பற்றி இப்படி ஒரு பேச்சு உலவுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உடற்கூறும் சிரிப்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதைப் பார்க்க 1949-இல் வந்த ஆண்டீஸ் மலைக் கதையைத்தான் நான் எடுப்பேன். டொனால்டு ஓர் அருங்காட்சியகத்தில் கடைநிலைத் துப்புரவாளர். அவர் தூசி தட்டும் சதுரக் கற்களில் ஒன்று கீழே விழுந்து உடைகிறது. உள்ளே மஞ்சள் கரு. சதுர முட்டை! சதுர முட்டை இட்ட கோழியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் பயணக் குழு கிளம்புகிறது. வழியில் அந்தக் காலாவதியான முட்டையில் ஆம்லெட் போட்டுத் தின்று குழுவில் மற்றவர்களெல்லாம் படுத்துவிட, டொனால்டும் மூன்று பிள்ளைகளும்தான் மிச்சம். மூடுபனிக்குள் மறைந்திருக்கும் பள்ளத்தாக்கில் எல்லாமே சதுரம். வீடு சதுரம், மனிதர்களும் மூலை மூலையாகச் சதுரம். உருண்டையாக எதைச் செய்தாலும் அங்கே குற்றம். பிள்ளைகள் பபிள்கம் ஊதி மாட்டிக்கொள்கிறார்கள். குமிழி உருண்டைதானே! தண்டனையிலிருந்து தப்ப வேண்டுமானால் சதுரக் குமிழி ஊத வேண்டும்.

அங்கே வரும் கோழிகளை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கனசதுர உடம்பு, ஆனால் கால் வைப்பிலும் கழுத்தை வெட்டி வெட்டி அசைப்பதிலும் அப்படியே கோழி. கோழிகளோடு பழகிய கையின் கோடு அது என்று நான் நினைக்கிறேன். இப்படி ஒரு பிராணி இருக்க முடியுமா என்ற சந்தேகமே நமக்கு வருவதில்லை. கூடவே, ஒரு வாத்துக் குடும்பம் முட்டையைத் தேடி உலகம் சுற்றுகிறதே, அந்த முட்டையில் ஆம்லெட் போடுகிறார்களே என்ற கேள்வியும் படிக்கும்போது தோன்றுவதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் மேஜையில் வான்கோழி வேறு. கோழி கோழியாகவே இருப்பதால்தான் பக்கத்தில் நிற்கும் வாத்து மனிதனாகிறது. கடைசியில் பாடுபட்டு இரண்டு சதுரக் கோழிகளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இரண்டுமே சேவல். முட்டைக்காக மலையேறிய கதை உடற்கூறில் போய் முட்டி நிற்கிறது. இதைவிட நேர்த்தியான முடிவை நான் காமிக்ஸில் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கு தவறிய இடமும் உண்டு. 1951-இல் வந்த உளவாளிக் கதை ஒன்றில் பார்க்ஸ் சுற்றியிருப்பவர்களை நிஜ மனித முகத்தோடு வரைந்தார். ஓவியம் அருமை. ஆனால் நிஜ மனிதன் பக்கத்தில் வந்து நின்றதுமே டொனால்டு வெறும் வாத்தாகச் சுருங்கிவிடுகிறார், கதை நம்பும்படி இல்லாமல் போகிறது. அவருடைய வழக்கமான கூட்டம் நுனியில் கருப்பு மூக்கு வைத்த நாய்முக மனிதர்கள். அவர்கள் நடுவில்தான் வாத்துகள் மனிதர்களாக நிற்க முடிகிறது. பறவைப் பக்கத்து எல்லையை 1955-இல் வந்த கதையில் தொட்டார். கிரேக்கப் புராணத்து ஹார்ப்பிகள், இறக்கை விரித்துப் பறந்து வரும் பெண்கள். ஹார்ப்பி என்ற சொல்லுக்குக் கொச்சையில் வேறு பொருள் உண்டு என்று பதிப்பகத்தில் சொல்ல, பெயரை 'லார்க்கி' என்று மாற்ற வேண்டியதாயிற்று. பறக்கும் பெண்களைப் பார்த்து அலகு வைத்த ஸ்க்ரூஜ் மிரள்கிறார். அந்தப் பக்கத்தில் யார் பறவை என்று கேட்டால் நம் கண் தயங்காமல் லார்க்கிகளைத்தான் காட்டும்.

பார்க்ஸுக்குப் பின் வந்த டான் ரோசா மனிதர்கள் கட்சி. கட்டடப் பொறியியல் படித்தவர், 1987-இல் முதல் வாத்துக் கதை வரைந்தார். தன் மனதில் இவர்கள் வாத்துகளே அல்ல, மனிதர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 1992-லிருந்து 1994 வரை பன்னிரண்டு அத்தியாயங்களில் ஸ்க்ரூஜின் வாழ்க்கையை எழுதியபோது அந்த நம்பிக்கைதான் கதையைத் தூக்கி நிறுத்தியது. வம்ச மரமும் வரைந்தார். அதில் ஸ்க்ரூஜின் தங்கை மகன் டொனால்டு, டொனால்டின் சகோதரி டெல்லாவின் பிள்ளைகள் அந்த மூன்று பேர். இங்கிலீஷில் 'அங்கிள்' என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நாம் சொன்னால் இரண்டு இடத்திலும் தாய்மாமன் உறவு. திட்டிக்கொண்டே சோறு போடுகிற ஸ்க்ரூஜ், தனக்கே வேலை நிலையில்லாதபோது அக்கறையாகப் பிள்ளைகளை வளர்க்கும் டொனால்டு, இதெல்லாம் எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம். அப்படியானால் அந்த மூன்று பேரும் முட்டையிலிருந்து வந்தார்களா என்று அடுத்த சண்டை தொடங்கும். 2017-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் முட்டைகளையே காட்டிவிட்டார்கள். வம்ச மரத்தை மனசில் வைத்துப் படித்தவன் நான். எனக்கு அது ஒட்டவில்லை.

ஜெர்மனிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1977-இல் ஹான்ஸ் ஃபான் ஷ்டோர்ஹ் என்பவர் அங்கே டொனால்டு ஆய்வாளர் சங்கம் தொடங்கினார். பின்னாளில் பெயர்பெற்ற தட்பவெப்ப விஞ்ஞானி ஆனார். ஷ்டோர்ஹ் என்றால் ஜெர்மனில் நாரை. பார்க்ஸின் கதைகளை, எரிகா ஃபுக்ஸ் அம்மையார் ஜெர்மனில் தந்த வடிவத்தில், நடந்த உண்மைகளின் குறிப்பாகவே எடுத்துக்கொண்டு இந்தச் சங்கத்தார் ஆராய்கிறார்கள். நகரத்தின் வரைபடம், பொருளாதாரம், உடற்கூறு எல்லாவற்றுக்கும் கதைப் பக்கங்களே சான்று. ஃபுக்ஸ் கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். படத்துக்குள் வரும் ஓசைகளுக்கும் செயல்களுக்கும் வினைச்சொல்லின் வாலை வெட்டிப் புதுச் சொற்கள் ஆக்கித் தந்தார். சங்கக் கூட்டங்களில் கை தட்ட மாட்டார்கள், கைதட்டலுக்கான அந்தக் காமிக்ஸ் சொல்லையே எல்லோரும் சேர்ந்து வாயால் சொல்வார்கள். ஒரு கலைஞனின் கோட்டை இவ்வளவு மரியாதையோடு படிக்கிற கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. 'கார்ட்டூன்தானே' என்பவர்களுக்கு நான் காட்டுவது இவர்களைத்தான்.

அக்கா மகளோடு உட்கார்ந்து படித்ததில் கடைசியாக 1952-இல் வந்த ஸ்க்ரூஜ் கதை. பணத்தை ஏன் இப்படிக் குவித்து வைத்திருக்கிறீர்கள் என்றால் அவர் சொல்கிற பதில் வாசகர்களுக்கு மனப்பாடம். கடற்பன்றி மாதிரி அதற்குள் பாய்வேன், வளை தோண்டும் எலி மாதிரி துளைத்துப் போவேன், மேலே வீசித் தலையில் கொட்ட விடுவேன் என்பார். படித்துக் காட்டியதும் அவள் நிறுத்தினாள்.

"வாத்து மாதிரி நீந்துவேன்னு ஏன் மாமா சொல்லல?"

எனக்கு அது தோன்றியதே இல்லை. அந்த ஆள் தன்னை எந்த விலங்கோடு வேண்டுமானாலும் ஒப்பிடுவார், வாத்தோடு மட்டும் ஒப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அவர் வாத்து இல்லை! கதையின் முடிவில் பீகிள் திருடர்களும் ஆசைப்பட்டு அதே நாணயக் குவியலுக்குள் தலைகீழாகப் பாய்கிறார்கள். உலோகத்தில் மண்டை மோதி எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்கள். உங்களால் மட்டும் எப்படி முடிகிறது என்றால் ஸ்க்ரூஜ், அது ஒரு தந்திரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பார்க்ஸும் அதற்கு மேல் ஒரு கோடு வரையவில்லை.

அவள் இப்போது பல் தேடுகிறாள். சாதாரண நேரத்தில் அலகுக்குள் பல் தெரியாது, ஆத்திரத்தில் கடிக்கும்போது சில கட்டங்களில் வரிசையாகத் தெரியும். பக்க எண்ணும் கட்ட எண்ணும் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், நேற்று ராத்திரி வரை நான்கு. உங்கள் கண்ணில் பட்டது ஏதாவது இருந்தால் கீழே சொல்லுங்கள், அவள் நோட்டில் சேர்த்துவிடுகிறேன்.