பன் வச்சது எங்கம்மாதான். சிரிச்சு முடிச்சாச்சா?

மூணு நாளா வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்து பீச்வொர்த் ஊருக்குப் போனப்ப, அங்க கல்லறைத் தோட்டத்துல அம்மா பன் வச்ச படத்தை நம்ம குரூப்புல போட்டேன். அதுக்கு ஹாஹா இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. "ஒயின் ஊருக்குப் போய் சுடுகாட்டுல படையல் போட்ட ஒரே குடும்பம்"னு எழுதின அண்ணனுக்கு நாப்பத்தஞ்சு லைக். அதுல பாதிப்பேர் எங்க வீட்டுல கை நனைச்சவங்க. நல்லா இருங்க.

முதல்ல, அது சுடுகாடு இல்லை. கல்லறைத் தோட்டத்துல சீனர்களுக்கான பகுதி. படத்துல தெரியற ரெண்டு கோபுரமும் 1857ல கட்டினது. அதுல பிணத்தை எரிக்கலை, செத்தவங்களுக்காகக் காகித வேண்டுதல்களை எரிச்சாங்க. பக்கத்துலயே படையல் வைக்க மேடை. அதாவது அங்க சாப்பாடு வைக்கறதுதான் முறை. எங்கம்மா புதுசா ஒண்ணும் கண்டுபிடிச்சிடலை.

1852ல அங்க தங்கம் கிடைச்சதும் எல்லா தேசத்துக்காரங்களும் ஓடி வந்தாங்க, சீனர்களும் வந்தாங்க. 1855ல விக்டோரியாவுல வந்து இறங்கற ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டாங்க. அதைத் தவிர்க்க தென் ஆஸ்திரேலியாவுல ரோப் துறைமுகத்துல இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல நடந்தே விக்டோரியா தங்க வயல்களுக்கு வந்தாங்க. அதே 1855ல பீச்வொர்த்துல தேர்தல்ல நின்ன ஒருத்தர் தங்க லாடம் அடிச்ச குதிரையில ஊர்வலம் போனாராம். அந்தக் கதை மட்டும் நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும். 1857 ஜூலை 4, அதே விக்டோரியாவுல பக்லேண்ட் ஆத்தங்கரையில சீனர்களை அடிச்சு விரட்டி, கூடாரத்தையும் புதுசாக் கட்டின கோயிலையும் கொளுத்தினது தெரியாது. கோபுரம் எழும்பின அதே வருஷம்!

"ஊர் சுத்தப் போன இடத்துலயும் அரசியலா?" அப்படியா? 1880ல கொள்ளைக்காரன் நெட் கெல்லியை விசாரிச்ச பீச்வொர்த் கோர்ட் வாசல்ல வரிசை கட்டி நின்னு செல்ஃபி எடுத்தீங்களே? போலீசைக் கொன்னவனுக்குப் போஸ் குடுத்தா டூர், மண்ணு வெட்டிச் செத்தவனுக்கு ஒரு பன் வச்சா அரசியல். நல்ல நியாயம்.

"ஒயின் குடிக்கறவங்களைக் குத்திக் காட்டறே." இல்லை. அந்த ஊர் சார்டனே ஒயின் பிரமாதம்னு நீங்கதான் சொல்றீங்க, நான் குடிக்கறதில்லை, விடுங்க.

"அம்மா படத்தை எதுக்குப் பொதுவுல போட்டே?" முதுகுதான் தெரியுது. அடுத்தது.

நடந்தது இதுதான். அம்மா வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டாங்க. குளிருதும்மான்னேன், கேக்கலை. பெயர் தேஞ்ச கல்லை ஒவ்வொண்ணா முந்தானையால துடைச்சுப் பார்த்தாங்க. "இவங்களுக்கெல்லாம் திவசம் யாருப்பா குடுப்பா?" பையில காலையில வாங்கின பன் பாதி இருந்துச்சு. அதைப் பிட்டு மேடையில வச்சாங்க. "தூரத்துல இருக்கறவங்களுக்கு இப்படித்தான்"னாங்க. யாரைச் சொன்னாங்கன்னு நான் கேக்கலை. 2021ல எல்லை மூடிக் கிடந்தப்ப எங்கப்பா காரியத்தை நான் போன்ல பார்த்தேன். தம்பி கொள்ளி வைக்கறப்ப சிக்னல் போயிடுச்சு. அப்ப இதே குரூப்புல எல்லாரும் கைகூப்பற எமோஜி போட்டீங்க. ஹாஹாவும் அதே விரல்தான்.

பத்து நிமிஷத்துல ஒரு மேக்பை வந்து பன்னைக் கொத்துச்சு. கறுப்பு வெள்ளையில இருந்தாலும் அம்மா அதைக் காக்கான்னே எடுத்துக்கிட்டாங்க. "எடுத்துடுச்சு பாரு"ன்னு அவ்ளோ சந்தோஷம். நான் திருத்தலை. அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்திருக்கணும், எடுக்கலை.

படத்தை நீக்க மாட்டேன். அடுத்த மாசம் ரதர்க்லென் ஒயின் டூர் போட்டிருக்கீங்கள்ல, அதுல என் பேரை அடிச்சிடுங்க. குடிக்காதவன்னு ஒவ்வொரு தடவையும் என்னைத்தானே ஸ்டியரிங்ல உக்கார வைக்கறீங்க? நாப்பத்தஞ்சு பேர்ல ஒருத்தர் ஓட்டிக்கட்டும்.